ஆகோர் பள்ளத்தாக்கில் ஒரு வாசல்

தியானப் பகுதி: ஓசியா 2:14, 15, எரேமியா 31:15–17, 32:1–15



நம்பிக்கையைக் குறித்துப் பிரசங்கிப்பது எளிது. எல்லாவற்றையும் இழந்து நிற்கிற ஒரு மனிதனுக்கு முன்பாக நின்று அதைச் சொல்லுவதுதான் கடினம். எபிரெயத் தீர்க்கதரிசிகளுக்கு அந்தக் கடினமான ஊழியமே கொடுக்கப்பட்டது. ஓசியா தேசத்தின் அழிவு நெருங்கி வந்த நாட்களில் பேசினார். எரேமியா முற்றுகையிடப்பட்ட நகரத்துக்குள்ளே காவலில் இருந்து பேசினார். எசேக்கியேல் அந்நிய தேசத்திலே, ஆற்றங்கரையில் குடியேற்றப்பட்ட கைதிகளின் நடுவே பேசினார். நலமாய் வாழ்ந்தவர்களுக்கு அவர்கள் நம்பிக்கையை உபதேசிக்கவில்லை; நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று சொன்னவர்களுக்கே உபதேசித்தார்கள்.

இடுக்கி, பாலக்காடு எல்லையோர மலைகளில் வாழும் நம் தமிழ் மக்களுக்கு இந்தத் தீர்க்கதரிசனங்கள் தூரமானவை அல்ல. ஆனைக்கரை, புற்றடி, வண்டன்மேடு பகுதிகளின் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறுகிறவர்களும், மூணாற்றுச் சரிவுகளில் கொழுந்து பறிக்கிறவர்களும் அந்நிய மொழியின் நடுவே, தங்களுக்குச் சொந்தமில்லாத நிலத்திலே, தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகிறவர்கள். ஆகவே, இந்த மலைகளில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரத்தை மனதில் வைத்துக்கொண்டு நாம் தீர்க்கதரிசிகளைத் திறந்து வாசிப்போம். அந்தத் துயரத்துக்கு முன்பாக நிற்கக்கூடாத நம்பிக்கை எதுவாயினும், அது தீர்க்கதரிசிகளுடைய நம்பிக்கை ஆகாது.

பெட்டிமுடியின் இரவு

இராஜமலைக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்களுக்கும் சோலைக்காடுகளுக்கும் நடுவே பெட்டிமுடி இருக்கிறது. அது நயமக்காடு எஸ்டேட்டின் ஒரு டிவிஷன். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில், பெருமழையினால் மலை பிளந்து சரிந்தது. நான்கு வரிசை லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 22 குடும்பங்களின்மேல் மண்ணும் பாறையும் வந்து விழுந்தன. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தபடியால், விடியும்வரை வெளியுலகத்துக்கு அது தெரியவில்லை. பெரியவாரைப் பாலம் வெள்ளத்தில் பழுதாகியிருந்ததனால் மீட்புப் பணியினர் வந்துசேரவும் தாமதமாயிற்று.

எழுபது பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் 66 பேருடைய சரீரங்களே கிடைத்தன. நால்வர் கடைசிவரை கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. பாட்டனும் பேரனும் ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே இரவில் மறைந்தார்கள். அவர்கள் பறித்த கொழுந்தின் மலையடிவாரத்திலேயே அவர்களுக்குக் கல்லறைகளும் அமைந்தன.

மறுநாளாகிய ஆகஸ்டு 7 இரவில் கரிப்பூர் விமான நிலையத்தில் ஒரு விமானம் விபத்துக்குள்ளாகிப் பலர் மாண்டனர். இரண்டு துயரங்களுக்கும் கேரள அரசு உதவித்தொகை அறிவித்தது. விமானத்தில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், பெட்டிமுடியில் மாண்டவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் என்று அறிவிக்கப்பட்டபோது, உயிருக்கும் உயிருக்கும் விலை வேறோ என்ற கேள்வி மலையெங்கும் எழும்பிற்று. தூக்குநூலைக் கையிலே பிடித்து ஆண்டவர் சுவரின்மேல் நிற்கிறதைக் கண்ட ஆமோஸ் தீர்க்கதரிசி (ஆமோஸ் 7:7, 8) இந்தக் கேள்வியை அசட்டை செய்திருக்கமாட்டார்.

ஆகோர் என்னும் பெயர்

இத்தகைய துயரம் வரும்போது, "இவர்கள் என்ன பாவம் செய்தார்களோ" என்று மெல்லிய குரலில் கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. ஓசியாவின் வாக்குத்தத்தத்தை வாசிக்குமுன் இந்தக் கேள்விக்கு விடை காணவேண்டும். ஏனெனில் ஆகோர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பாவத்தின் கதை இருக்கிறது.

எரிகோ பிடிபட்டபோது ஆகான் சாபத்தீடானவற்றில் சிலவற்றை எடுத்து ஒளித்துவைத்தான். அதனால் இஸ்ரவேல் தோல்வியடைந்தது. ஆகான் தண்டிக்கப்பட்ட இடம் ஆகோர் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்றது (யோசுவா 7). கலக்கம், துன்பம் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் துன்பம் நேர்ந்த பள்ளத்தாக்கெல்லாம் ஆகானின் பள்ளத்தாக்கு என்று நாம் முடிவுகட்டலாகாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றெவரைப் பார்க்கிலும் அதிகப் பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று நம் ஆண்டவர் கேட்டு, அந்த எண்ணத்தைத் தாமே மறுத்தார் (லூக்கா 13:4, 5). பெட்டிமுடியில் உறங்கின குழந்தைகளுக்கும் அதுவே பொருந்தும். மாண்டவர்மேல் குற்றம் சுமத்துகிற வாய், ஆண்டவருடைய வாய் அன்று.

இப்போது ஓசியாவைக் கவனியுங்கள். தேவன் தம் ஜனத்தை வனாந்தரத்துக்கு அழைத்துச் சென்று, அவள் இருதயத்தோடே பேசி, திராட்சத் தோட்டங்களை மீண்டும் கொடுத்து, ஆகோர் பள்ளத்தாக்கையே நம்பிக்கையின் வாசலாக்குவதாக வாக்குப்பண்ணுகிறார். அந்தப் பள்ளத்தாக்கைத் தவிர்த்து வேறொரு வழியாக ஜனத்தை நடத்துவதாக அவர் சொல்லவில்லை. அதின் பெயரை மக்கள் மறந்துபோவார்கள் என்றும் சொல்லவில்லை. கண்ணீர் விழுந்த அதே இடத்தில் ஒரு வாசல் திறக்கப்படும் என்கிறார்.

அவ்விடத்தில் "நம்பிக்கை" என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல் "திக்வா" என்பது. இந்தச் சொல் யோசுவாவின் புத்தகத்திலும் வருகிறது. ஆனால் அங்கே அதற்குக் கயிறு என்று பொருள். எரிகோவின் அலங்கத்தின்மேல் குடியிருந்த ராகாப் தன் ஜன்னலிலே கட்டிவைத்த சிவப்பு நூற்கயிறு ஒரு "திக்வா" (யோசுவா 2:18, 21). நகரம் முழுவதும் இடிந்து விழுந்தபோது, அந்தக் கயிறு கட்டப்பட்டிருந்த வீட்டார் காப்பாற்றப்பட்டார்கள். அந்த எரிகோவின் சமவெளிக்கு அண்மையில்தான் ஆகோரும் இருந்தது. கயிறாகிய திக்வாவும் நம்பிக்கையாகிய திக்வாவும் ஏறக்குறைய ஒரே நிலப்பரப்பில் சந்திக்கின்றன.

நம்பிக்கை என்பது மனதை இனிமையாக்கும் எண்ணமன்று, பிடித்துக்கொள்ளுகிற கயிறு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாலம் அடித்துச் செல்லப்பட்ட ஆற்றின் மறுகரையில் காயப்பட்டவர்கள் தவித்தபோது, நீலகிரி மாவட்டம் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் மருந்துப் பெட்டியோடு கயிற்றில் தொங்கியபடி பெருவெள்ளத்தைக் கடந்து சென்று முதலுதவி செய்தார். தமிழ்நாடு அரசு அவ்வாண்டின் சுதந்திர தினத்தில் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது. மறுகரையில் கிடந்தவர்களுக்கு அன்று நம்பிக்கை வந்தது கயிற்றின் வழியாகவே. அதன் முனையில் ஒரு மனித உயிர் தன்னையே ஒப்புக்கொடுத்துத் தொங்கியது. ராகாபின் கயிறு நமக்கு அறிவிப்பதும் இதுவே.

அழுகையைத் தடுக்காத தீர்க்கதரிசி

எரேமியாவின் 30 முதல் 33 வரையிலான அதிகாரங்களை வேத அறிஞர்கள் "ஆறுதலின் புத்தகம்" என்று அழைப்பதுண்டு. ஆறுதல் நிறைந்த அப்பகுதியின் நடுவே ஓர் ஒப்பாரி கேட்கிறது. ராமாவிலே ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். அவர்கள் இல்லாதபடியினால் தேற்றப்பட மனதில்லாமல் இருக்கிறாள்.

ராகேல் எரேமியாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவள், பிரயாணத்தின் வழியிலே பிரசவித்து, வழியிலேயே அடக்கம்பண்ணப்பட்டவள் (ஆதி. 35:19). அவள் குரல் ராமாவிலே ஏன் கேட்கவேண்டும்? எருசலேம் விழுந்தபின் சிறைப்பட்டவர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படுமுன் விலங்கிடப்பட்டு நிறுத்தப்பட்ட இடம் ராமா. எரேமியாவும் அந்தக் கூட்டத்தில் விலங்கோடு நின்றிருந்தார் (எரே. 40:1). பிள்ளைகளைப் பிரிந்த தாய்மாரின் அழுகையை அவர் தம் காதுகளால் கேட்டிருப்பார். வழியிலே மரித்த ஒரு தாயின் குரலாக அந்த அழுகை அவர் எழுத்தில் நிலைத்துவிட்டது.

"அழாதே, விசுவாசி அழக்கூடாது" என்று எரேமியா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் தேறமறுத்ததையும் குற்றமாக எழுதவில்லை. அவள் அழுது தீர்த்த பின்னரே, உன் பிரயாசத்துக்குப் பலன் உண்டு, உன் எதிர்காலத்துக்கு நம்பிக்கை உண்டு, உன் பிள்ளைகள் தங்கள் சொந்த எல்லைக்குத் திரும்புவார்கள் என்ற கர்த்தருடைய வார்த்தை வருகிறது. அங்கேயும் "நம்பிக்கை" என்பதற்கு "திக்வா" என்ற சொல்லே நிற்கிறது.

இங்கே நேர்மையாக ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். ராகேலின் பிள்ளைகள் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தார்கள். பெட்டிமுடியின் பிள்ளைகள் திரும்பி வருவார்களா? சரீரம்கூடக் கிடைக்காத அந்த நால்வருக்கு எந்த எல்லை? புதிய ஏற்பாடும் இந்தக் கேள்வியை அறிந்திருக்கிறது. பெத்லகேமின் குழந்தைகள் ஏரோதின் வாளுக்கு இரையானபோது, மத்தேயு ராகேலின் அழுகையையே நினைவுகூருகிறார் (மத்தேயு 2:17, 18). அந்தக் குழந்தைகளும் தங்கள் தாய்மாரிடம் திரும்பவில்லை. இந்த வேதனைக்கு விரைவான பதில் எதையும் வேதம் சொல்லவில்லை. ஆனால் மரித்தோர் எழுந்திருப்பார்கள், மண்ணிலே தங்கியிருக்கிறவர்கள் விழித்துப் பாடுவார்கள் என்று ஏசாயாவும் (26:19), பூமியின் தூளிலே நித்திரை பண்ணுகிறவர்கள் எழுந்திருப்பார்கள் என்று தானியேலும் (12:2) கண்டார்கள். மண்ணுக்குள் கிடப்பவர்களைத் தேவன் மறக்கவில்லை என்பதே அந்தத் தரிசனம். தேடுகிறவர்களின் கைக்கு அகப்படாத நால்வரும் அவருடைய பார்வைக்கு மறைந்தவர்கள் அல்லர். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கல்லறை நமக்கு அதன் அச்சாரமாக இருக்கிறது.

இரண்டு வகையான ஆறுதல்

எரேமியாவின் நாட்களில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டு வருஷ காலத்துக்குள்ளே பாபிலோன் ராஜாவின் நுகம் முறிக்கப்படும், எல்லாரும் வீடு திரும்புவார்கள் என்று அவன் ஆலயத்திலே முழங்கினான், எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தையும் எடுத்து உடைத்தான் (எரே. 28). அதைக் கேட்ட ஜனங்கள் மகிழ்ந்திருப்பார்கள். எரேமியாவும் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றே முதலில் சொன்னார். அவருக்கும் அது நடக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனாலும் அது பொய்யான ஆறுதல் என்று கர்த்தர் அவருக்கு வெளிப்படுத்தினார்.

பின்பு எரேமியா சிறைப்பட்டவர்களுக்கு ஒரு நிருபம் எழுதினார் (எரே. 29). வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் குடியேறியிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். எழுபது வருஷம் நிறைவேறும்போது கர்த்தர் உங்களைச் சந்திப்பார். எழுபது வருஷம் என்றால் கேட்டவர்களில் அநேகர் திரும்பி வரமாட்டார்கள் என்பதே பொருள். அது கசப்பான வார்த்தை. ஆனால் மெய்யான வார்த்தை. அனனியாவின் இரண்டு வருஷம் ஜனங்களை ஏமாற்றியது. எரேமியாவின் எழுபது வருஷம் அவர்களை வாழவைத்தது.

இந்த இரண்டு ஆறுதல்களும் நம் மலைகளில் இன்றும் உண்டு. "ஒன்றும் நேராது, பயப்படாதே" என்பது ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளைக் காக்கவேண்டும் என்று மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை அளித்தது. தங்கள் நிலமும் பிழைப்பும் போய்விடுமோ என்று அஞ்சிய மலைநாட்டு மக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் அச்சம் பொய்யானதன்று. ஏழையின் பிழைப்பைப் பறித்து மலையைக் காப்பது நீதியுமன்று. ஆயினும் மலையின் எச்சரிக்கையைக் கேட்க மறுப்பது அனனியாவின் வழி. தேசத்தில் உண்மையும் இரக்கமும் அற்றுப்போகும்போது நிலமே புலம்பும் என்று ஓசியா சொல்லியிருக்கிறாரே (4:1–3). எச்சரிக்கையையும் வாக்குத்தத்தத்தையும் ஒரே வாயினால் சொல்லுகிறவனே மெய்யான தீர்க்கதரிசி.

சிறைச்சாலையில் எழுதப்பட்ட நிலப் பத்திரம்

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது. நகரத்துக்குள்ளே பஞ்சம் பெருகிவருகிறது. சிதேக்கியா ராஜா எரேமியாவைக் காவற்சாலையின் முற்றத்தில் அடைத்துவைத்திருக்கிறான். அந்த வேளையில் சிறிய தகப்பன் மகனாகிய அனாமெயேல் வந்து, ஆனதோத்திலிருக்கிற தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான் (எரே. 32). ஆனதோத் எருசலேமுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள ஊர். தேசம் முழுவதையும் பாபிலோனின் படை மிதித்துக்கொண்டிருந்த காலம் அது. இப்படிப்பட்ட நிலத்தை யார் வாங்குவார்?

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை, நம் கணக்கில் சுமார் 200 கிராமை, தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத் தோட்டங்களும் திரும்பவும் வாங்கப்படும் என்று அப்பொழுது உரைத்தார்.

வேதத்தில் நம்பிக்கையைப் பற்றிய மிக உயர்ந்த பிரசங்கங்களில் ஒன்று இந்த நிலப் பத்திரம். எரேமியா ஒரு சங்கீதத்தைப் பாடவில்லை, கிரயம் செலுத்தினார். தேவன் தரும் எதிர்காலம் மண்ணிலும் வீட்டிலும் வந்து நிற்கும் என்று அவர் விசுவாசித்தார்.

சொந்த நிலம் இல்லாதவனுக்கு இந்த வேதபகுதி எவ்வளவு ஆழமாய்ப் பேசும் என்று எண்ணிப் பாருங்கள். பூஞ்ஞாறு அரசர் 1877-இல் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் குத்தகையாகக் கொடுத்தார். பின்னர் அம்மலைகளில் தேயிலை நடப்பட்டபோது திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் கங்காணிகள் வழியாக மக்கள் மலையேற்றப்பட்டார்கள். தலைமுறைகள் கடந்தும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தோட்டத்து லயமே வீடு. வேலை உள்ளவரை அந்த வீடு உண்டு. ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்து கொடுக்கவேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு பத்திரம் என்பது வெறுங்காகிதம் அன்று.

பெட்டிமுடியில் பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு மூணாற்றை அடுத்த குட்டியாறுவாலியில் அரசு நிலம் வழங்கியது. தோட்ட நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. 2021-இல் அவர்கள் சாவியைப் பெற்றுக்கொண்டார்கள். மாண்டவர்களை அந்த வீடுகள் திரும்பக் கொண்டுவரவில்லை. துக்கத்துக்கு அவை ஈடுமல்ல. ஆனாலும் ஆனதோத்தின் பத்திரத்தைப்போல, இங்கே இன்னும் வாழ்க்கை உண்டு என்பதற்கு அவை அடையாளமாய் நிற்கின்றன. அத்தகைய அடையாளம் எட்டு வீடுகளோடு நின்றுவிடலாமா என்பதை ஆட்சியாளரும் தோட்ட உரிமையாளரும் சபைகளும் சிந்திக்கவேண்டும். லயங்களில் வாழும் மற்றவர்களுக்கும் ஓர் ஆனதோத் தேவை.

வெள்ளமேடும் கதிர்மேடும்

எசேக்கியேல் சிறைப்பட்டவர்களைச் சந்தித்த இடம் கேபார் நதியண்டையில் உள்ள தெலாபீப் (எசே. 3:15). பாபிலோனியர் மொழியில் அப்பெயர் "வெள்ளத்தின் மேடு" என்று பொருள்படும் என்றும், பழங்காலப் பெருவெள்ளத்தால் அழிந்து மேடாய்க் கிடந்த பாழ்நிலத்தை அது குறித்திருக்கலாம் என்றும் அறிஞர்கள் கூறுகிறார்கள். பயனற்றதென்று கைவிடப்பட்ட அத்தகைய நிலத்தில்தான் அந்நியர்களைக் குடியேற்றியிருப்பார்கள். ஆனால் எபிரெய மொழியில் அந்தப் பெயர் "இளங்கதிர்களின் மேடு" என்று ஒலிக்கிறது. ஆபீப் என்பது வாற்கோதுமை கதிர்விடும் பருவம். இஸ்ரவேல் எகிப்திலிருந்து விடுதலையான மாதமும் அதுவே. இடம் ஒன்றே; பெயர் ஒன்றே. ஒரு மொழியில் அழிவு; விசுவாசத்தின் மொழியில் கதிர்.

எலும்புகள் உலர்ந்தன, நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று முறையிட்டவர்கள் அந்த மேட்டில் வாழ்ந்தவர்களே (எசே. 37:11). அவர்கள் சொல்லிலும் "திக்வா" இருக்கிறது. கயிறு அறுந்துபோயிற்று என்பதுபோல அது ஒலிக்கிறது. அவர்களுக்கு எசேக்கியேல் உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கைக் காட்டினார். முதலில் எலும்போடு எலும்பு சேர்ந்தது. பின்பு நரம்பு, மாம்சம், தோல். கடைசியாகவே ஆவி வந்தது. தேவனுடைய புதிய தொடக்கம் படிப்படியாக நடந்தது.

தேயிலைத் தோட்டத்தில் உழைக்கிறவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவாத்து செய்வார்கள். பசுமையெல்லாம் வெட்டுண்டு, முரட்டுக் கிளைகள் மட்டும் நிற்கும். புதிதாய்ப் பார்க்கிறவன் தோட்டம் அழிந்துபோயிற்று என்பான். சில மாதங்களில் அந்தக் கட்டைகளிலிருந்து துளிர் புறப்படும். வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையில் பரிசுத்த வித்து இருக்கிறது என்றும் (ஏசா. 6:13), ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்றும் (11:1) ஏசாயா சொன்னது இப்படிப்பட்ட துளிரையே. அந்தத் துளிரை நாம் இயேசு கிறிஸ்துவில் காண்கிறோம். ஆனால் பெட்டிமுடியின் இழப்பைக் "கவாத்து" என்று எவரும் சொல்லத் துணியவேண்டாம். தோட்டக்காரன் செடியை வாழவைக்கவே வெட்டுகிறான், மண்சரிவு அப்படிப்பட்டதன்று. வெட்டியது எதுவாயினும், கட்டையிலிருந்து துளிரை எழுப்புகிறவர் தேவன் என்பதே நாம் அறிக்கையிடுவது.

பாலக்காட்டு எல்லையிலுள்ள அட்டப்பாடியிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் அம்மலையின் கிழக்குப் பகுதி காடழிந்து வறண்டுபோயிருந்தது. 1996-இல் ஜப்பானின் கடனுதவியோடு ஒரு சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடி ஊர்களின் மக்களே குழிவெட்டி, வரப்புக் கட்டி, மரம் நட்டார்கள். ஆண்டுகள் சென்றபின், வற்றிக்கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடிற்று. வனாந்தரம் களித்துப் பூக்கும் என்ற ஏசாயாவின் 35-ஆம் அதிகாரம் அம்மக்களின் கைகளில் ஓரளவு நிறைவேறியது எனலாம். ஓரளவு என்று சொல்லுவதற்குக் காரணம் உண்டு: 2013-இல் அதே அட்டப்பாடியில் ஊட்டக்குறைவினால் பச்சிளங்குழந்தைகள் மாண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. மலை பசுமையாவது மட்டும் போதாது. அங்கே பிறக்கும் பிள்ளை பிழைக்கவேண்டும். சில நாட்களே வாழும் குழந்தை இனி இராது என்று புதிய பூமியைக் குறித்து ஏசாயா எழுதினதை (65:20) அவ்விடத்துத் தாய்மார் கண்ணீரோடு வாசிப்பார்கள்.

ஆனதோத்தின் மனிதர் 128 பேர்

எரேமியா தாம் வாங்கின நிலத்தில் ஒருநாளும் பயிரிடவில்லை. எருசலேம் அழிந்தபின், அவருக்கு விருப்பமில்லாதிருந்தும் அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள் (எரே. 43). மண்பாண்டத்திலிருந்த பத்திரம் என்னவாயிற்று என்று வேதம் சொல்லவில்லை.

ஆனால் கி.மு. 538-இல் பெர்சிய ராஜாவாகிய கோரேசு கட்டளையிட, சிறைப்பட்டவர்கள் திரும்பினார்கள். எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தில் அவர்களுடைய பெயர்ப்பட்டியல் இருக்கிறது. வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் தாண்டிச் செல்லுகிற அதிகாரம் அது. அதின் 23-ஆம் வசனத்தில் ஆனதோத்தின் மனிதர் என்று ஒரு கணக்கு வருகிறது: 128 பேர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் காவற்சாலையில் ஒருவர் 17 சேக்கல் கொடுத்து வாங்கிய நம்பிக்கை, 128 மனிதராக நடந்து வந்து அந்த ஊருக்குள் நுழைந்தது. விதைத்தவர் அதைக் காணவில்லை. ஆயினும் அது முளைத்தது.

அவர்கள் தேவாலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில் இளையோர் ஆர்ப்பரித்தார்கள். முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் சத்தமிட்டு அழுதார்கள். சந்தோஷத்தின் சத்தம் எது, அழுகையின் சத்தம் எது என்று பகுத்தறியக் கூடாதிருந்தது (எஸ்றா 3:12, 13). தேவனுடைய புதிய தொடக்கங்கள் இப்படியே இருக்கும். அழுகிற முதியோரை வெளியே அனுப்பிவிட்டு எந்த அஸ்திபாரமும் போடப்படவேண்டியதில்லை. குட்டியாறுவாலியில் குடியேறின வீடுகளிலும் இரண்டு சத்தங்களும் சேர்ந்தே கேட்டிருக்கும்.

பிரியமானவர்களே, உங்கள் ஆகோர் எதுவோ எனக்குத் தெரியாது. 2024-இன் கொடும் வறட்சியில் காய்ந்துபோன ஏலத்தோட்டமாக இருக்கலாம். பிள்ளையை இழந்த வீடாக இருக்கலாம். ஓய்வு பெற்று லயத்தைவிட்டு வெளியேறும் நாளாக இருக்கலாம். அழவேண்டுமானால் அழுங்கள், ராகேலை ஆண்டவர் தடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லுகிறவனை எளிதில் நம்பாதிருங்கள். உங்களால் இயன்ற ஓர் ஆனதோத்தை வாங்குங்கள்: ஒரு செடி நடுவது, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, அயலானின் பத்திரத்துக்காக ஓர் அலுவலகத்தில் அவனோடுகூட நிற்பது. துயரத்தில் இருக்கிற இன்னொருவனுக்குக் கயிறாக இருங்கள். பலனை நாம் காணாமற்போகலாம்; பட்டியலில் 128 என்ற எண் எழுதப்படும் நாளில் நாம் இல்லாதிருக்கலாம். வாக்குப்பண்ணினவர் இருப்பார்.

ஜெபம்: ஆகோரில் வாசலைத் திறக்கிற ஆண்டவரே, மலைச்சரிவுகளில் தங்கள் பிள்ளைகளைப் புதைத்தவர்களை நினைத்தருளும். கிடைக்காதவர்களை நீர் அறிந்திருக்கிறீர். நிலமில்லாதவர்களுக்கு நிலத்தையும், வீடில்லாதவர்களுக்கு வீட்டையும், அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு நீதியின் மனதையும் தாரும். பொய்யான ஆறுதலை எங்கள் வாயிலிருந்து அகற்றி, எங்கள் கைகளில் உம்முடைய நம்பிக்கையின் கயிற்றைக் கொடும். உயிர்த்தெழுந்த இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.